இருமலுக்கு முன்னால் இறுகும் தசை

"குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறது. கெகல் பயிற்சியில் உண்மையிலேயே பலன் உண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உண்டு. இடுப்பின் அடியில் உள்ள தசைகளை இறுக்கித் தளர்த்துவதுதான் கெகல் பயிற்சி. பிரசவித்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தத் தொல்லை இருப்பதால், கொஞ்சம் விளக்கமாகவே பார்க்கலாம்.

சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இடுப்புத் தளத் தசைகள். சுகப்பிரசவத்தில் குழந்தையின் தலை வெளிவரும்போது அவற்றின் ஒரு பகுதி மூன்று மடங்குக்கு மேல் நீள்கிறது என்கின்றன கணினி மாதிரிகள். நரம்புகளும் சேர்ந்து இழுபடுகின்றன. அப்புறம் அந்தத் தளம் தொய்வது இயல்புதான்.

இருமும்போது வயிற்றின் அழுத்தம் சட்டென்று ஏறி, சிறுநீர்ப்பையை மட்டுமல்லாமல் சிறுநீர் வெளியேறும் குழாயையும் அழுத்துகிறது. ரப்பர் குழாயைக் கெட்டித் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் உள்ளே புதையும், தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். தொய்ந்த தசை அந்தச் சேறு.

இனிமேல்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கசிவு இல்லாதவர்களுக்கு இந்தத் தசை இருமிய பிறகு இறுகுவதில்லை. அழுத்தம் ஏறுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே இறுகிவிடுகிறது! 'இருமு' என்ற கட்டளை வயிற்றுத் தசைக்குப் போகும்போதே, கீழே உள்ள தசைக்கும் மூளை தகவல் அனுப்பிவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் பலருக்கு இந்த முன்னேற்பாடு பிந்திப்போகிறது.

இதை வேண்டுமென்றே பழக்க முடியுமா என்று மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு ஒன்று பார்த்தது. 1998-ல் முடிவுகள் வெளியாயின. கசிவு இருந்த வயதான பெண்களுக்கு, இருமுவதற்குச் சற்று முன்பு தசையை இறுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில், மிதமான இருமலில் கசிவு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் தசை எங்கே வளரும்? மாறியது நேரம்தான்.

அதற்காகப் பலம் தேவையில்லை என்று அர்த்தமில்லை. வாயுவை அடக்குவதுபோல உள்ளே, மேலே இழுத்துச் சில நொடிகள் பிடித்துவிட்டு, முழுக்கத் தளர்த்துங்கள். ஒரு வேளைக்கு 8 முறையாவது, தினமும் 3 வேளை, குறைந்தது 3 மாதம். இடையிடையே சட்டென்று இறுக்கி விடுவதும் வேண்டும். தும்மலுக்கு உதவுவது வேகமான தசை நார்கள். மூச்சை அடக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பயிற்சி செய்யவும் வேண்டாம், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம்.

பலர் தப்பாகச் செய்வதுதான் சிக்கல். 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், வாயால் சொல்லிக் கொடுத்த பிறகும் 47 பெண்களில் பாதிப்பேர்தான் சரியாக இறுக்கினார்கள். கால்வாசிப்பேர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. நாப்கின் விளம்பரத்துக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கைப் பிரசவ வார்டுகளில் பிசியோதெரபிஸ்டுகளை நியமிக்கச் செலவிடலாம் என்பது என் கட்சி. இந்தப் பயிற்சிக்குப் பெயர் தந்த மருத்துவர் அர்னால்டு கெகல், 1948-லேயே இறுக்கும் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கருவியையும் கொடுத்துத்தான் பயிற்சி செய்ய வைத்தார்.

எரிச்சல், ரத்தம், அடிவயிற்று வலி, பிறப்புறுப்பில் ஏதோ இறங்குவது போன்ற உணர்வு இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதம் சரியாகச் செய்தும் கசிவு குறையாவிட்டாலும் அப்படித்தான். வேறு சிகிச்சைகள் இருக்கின்றன.