தொற்றுக் காலத்தில் வெளிநாட்டுப் பயணம்: திரும்பி வரும் வழியை முதலில் பாருங்கள்

திருச்சியில் பொது மருத்துவம் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு வெளிநாட்டுப் பயணம் தினசரி விஷயம். இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் நேராக விமானம் இருக்கிறது. புதுக்கோட்டை, அறந்தாங்கி, பெரம்பலூர் பக்கம் வெளிநாட்டில் ஒருவராவது இல்லாத குடும்பத்தைப் பார்ப்பது அரிது. அதனால் கொரோனா காலத்தில் காய்ச்சலுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வந்த கேள்வி, "டாக்டர், இப்ப போகலாமா?" என்பதுதான். அடுத்த பெருந்தொற்று வரும்போது இதே கேள்வி திரும்ப வரும். அப்போது நின்று யோசிக்க நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு விமானத்தைப் பற்றித்தான் பயம். மூடிய பெட்டிக்குள் இருநூறு பேர், தொற்றாமல் இருக்குமா என்று கேட்பார்கள். உண்மையில் பறக்கும் விமானத்தின் காற்று அவ்வளவு மோசமில்லை. பெரிய விமானங்களில் உள்ள ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும். உள்ளே இருக்கும் காற்று மணிக்கு இருபது தடவைக்கு மேல் மாறுகிறது. பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் அந்தத் துளிகள் வடிகட்டிக்குப் போகும் முன்பே உங்களிடம் வரலாம், அது உண்மைதான். ஆனால் கூடுதல் ஆபத்து விமான நிலைய வரிசையிலும், ஏறி உட்கார்ந்து கதவு மூடக் காத்திருக்கும் நேரத்திலும், எல்லோரும் ஒன்றாக மாஸ்க்கைக் கழற்றிச் சாப்பிடும் நேரத்திலும்தான். முகத்தில் சரியாகப் பொருந்தும் என்95 மாஸ்க் போட்டு, சாப்பாட்டை அடுத்தவர் முடித்த பிறகு சாப்பிட்டால் இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். இதற்காக மட்டும் பயணத்தை நிறுத்தச் சொல்லி நான் யாருக்கும் சொல்வதில்லை.

நான் திருப்பிக் கேட்பது வேறு. அங்கே போன மூன்றாம் நாள் உங்களுக்குக் காய்ச்சல் வந்து, பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தால் எந்த அறையில் படுப்பீர்கள்? யார் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார்கள்? மூச்சு வாங்கினால் எந்த மருத்துவமனை, அதற்குப் பணம் யாருடையது? ஊர் திரும்ப ஒரு மாதம் தள்ளிப்போனால் இங்கே வேலையும் வீடும் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருப்பவர்கள் போகலாம். பதில் இல்லாதவர்கள், அந்த ஊரில் தொற்று எவ்வளவு குறைவாக இருந்தாலும், போகாமல் இருப்பது நல்லது.

எந்த ஊரில் தொற்று குறைவு என்று பார்த்து ஊரைத் தேர்ந்தெடுப்பது பலருடைய வழக்கம். அந்த எண்ணை நம்புவதில் இரண்டு சிக்கல் இருக்கிறது. பரிசோதனையே குறைவாகச் செய்யும் நாட்டில் தொற்றும் குறைவாகத்தான் தெரியும். அதனால் பாசிட்டிவ் விகிதத்தைப் பாருங்கள். பரிசோதித்தவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத் தொற்று என்ற நிலை இரண்டு வாரமாவது நீடித்த பிறகே கட்டுப்பாடுகளைத் தளர்த்தலாம் என்று 2020 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. விகிதம் ஏறிக்கொண்டே போகிறதா, மருத்துவமனையில் படுக்கை கிடைக்கிறதா என்பதும் அன்றைய மொத்த எண்ணிக்கையைவிட அதிகம் சொல்லும்.

இரண்டாவது சிக்கலைத்தான் மக்கள் யோசிப்பதே இல்லை. தொற்று குறைவாக இருந்த நாடுகள் அப்படி இருந்ததற்குக் காரணமே கதவைச் சாத்தி வைத்திருந்ததுதான். ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று வெளிநாட்டவருக்கு எல்லையை மூடியது. தடுப்பூசி போட்ட எல்லாப் பயணிகளுக்கும் திறந்தது 2022 பிப்ரவரி 21 அன்று. இடையில், இந்தியாவில் இரண்டாம் அலை அடித்த 2021 மே மாதத்தில், இந்தியாவிலிருந்து வரும் தன் சொந்தக் குடிமக்களே நாட்டுக்குள் வந்தால் ஐந்தாண்டு வரை சிறை என்று அறிவித்தது. சுமார் 9,000 ஆஸ்திரேலியர்கள் அப்போது இங்கே இருந்தார்கள். கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் வந்தவர்களும் அதில் உண்டு. குடியுரிமை இருந்தவர்களுக்கே அந்த நிலை என்றால், சுற்றுலா விசாவில் போகிறவருக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

நம் பக்கத்துக்காரர்களை அதிகம் அடித்தது வளைகுடாவின் கதவு. 2021 ஏப்ரல் 24 நள்ளிரவு முதல் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை ஐக்கிய அரபு அமீரகம் நிறுத்தியது. முதலில் சொன்னது பத்து நாள். ரம்ஜான் முடிந்து போய்விடலாம் என்று ஊரில் இருந்தவர்கள் பெட்டியைக் கட்டி வைத்துக் காத்திருந்தார்கள். அங்கே குடியிருப்பு விசா உள்ளவர்களில் அங்கேயே இரண்டு தவணை தடுப்பூசி போட்டவர்கள் நுழைய வழி திறந்தது ஆகஸ்ட் 5 அன்றுதான். விடுப்பில் வந்தவர்களுக்கு அந்த மூன்று மாதத்துக்கும் மேல் சம்பளம் இல்லை. பலருக்கு வேலையே போனது. என்னிடம் மருந்து வாங்க வந்தவர்களில் சிலருக்கு அந்த மாதங்களில்தான் ரத்த அழுத்தம் முதன்முறையாக ஏறியது. உடம்பில் வேறு எந்தக் காரணமும் இல்லை, தூக்கமில்லாததும் கடன் கவலையும்தான்.

ஆகவே, பத்து நாள் என்று ஒரு அரசாங்கம் சொன்னால் மூன்று மாதம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அந்த மூன்று மாதத்தைத் தாங்க முடியாது என்றால், வளைகுடாவில் இருப்பவர் விடுப்பில் ஊருக்கு வருவதையும் தள்ளிப்போடத்தான் வேண்டும். நமக்குப் பயணம் என்றால் இங்கிருந்து போவது மட்டும் இல்லையே. இங்கே வருவதும் அவர்களுக்குப் பயணம்தான்.

இதைவிட மோசமானது மூன்றாவது நாடு வழியாகப் போகும் ஏற்பாடு. நேராக அனுமதி இல்லாத நாட்டுக்கு, வேறொரு நாட்டில் 14 நாள் தங்கிவிட்டுப் போகலாம் என்று ஏஜெண்டுகள் விற்றார்கள். சவுதி போக வேண்டியவர்கள் துபாயில் தங்கினார்கள். 2021 பிப்ரவரி 3 முதல் 20 நாடுகளிலிருந்து வருபவர்களை சவுதி தடுத்தபோது, அந்தப் பட்டியலில் அமீரகமும் இருந்தது. பாதி வழியில், கையில் காசு தீர்ந்த நிலையில் இந்தியத் தொழிலாளர்கள் துபாயில் மாட்டிக்கொண்டார்கள். அந்த வழியில் போகவேண்டாம் என்று அங்குள்ள இந்தியத் தூதரகமே அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. நடுவில் ஒரு நாடு கூடினால் மாறக்கூடிய விதிகளும் கூடுகின்றன. இந்த ஏற்பாட்டை யார் கேட்டாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சுற்றுலாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலை ஏறிக்கொண்டிருக்கும்போது சுற்றுலா போகாதீர்கள். 2021 கோடையில் இங்கே படுக்கை கிடைக்காத நேரத்தில் மாலத்தீவுக்குப் போனவர்கள் இருந்தார்கள். மே 13 அன்று அந்த நாடும் தெற்காசியச் சுற்றுலாப் பயணிகளை நிறுத்திவிட்டது. சின்னச் சின்னத் தீவுகள். தீவிர சிகிச்சை வேண்டுமென்றால் படகிலோ விமானத்திலோ தலைநகருக்குக் கொண்டுபோக வேண்டும். அழகான இடம் என்பது வேறு, நோயாளியாகக் கிடக்க ஏற்ற இடம் என்பது வேறு.

கஷ்டமான கேள்வி பிரசவமும் மரணமும். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு முதல் பிரசவம். துணைக்குப் போக நினைக்கும் அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சுகர் இருக்கிறது. இந்தச் சூழ்நிலையோடு வந்த குடும்பங்கள் பல. "பிள்ளை பெத்த பொண்ண தனியா விடச் சொல்றீங்களா டாக்டர்?" என்று கேட்ட அம்மாக்களின் முகம் எனக்கு மறக்காது. அவர்களிடம் நான் பேசுவது மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையிலிருந்து தொடங்கும். அது 7-ஐ ஒட்டி இருந்து, தடுப்பூசி முடிந்து, சிறுநீரகமும் இதயமும் சரியாக இருந்தால் போகலாம் என்று சொல்லத் தயங்கியதில்லை. 10-க்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைத்துவிட்டு வரச் சொல்வேன். மகளுக்கு உதவப் போனவர் அங்கே மருத்துவமனையில் படுத்தால், பச்சிளம் குழந்தையோடு இருப்பவள் இரண்டு பேரைப் பார்க்க வேண்டும். இதை மகளையும் போனில் வைத்துக்கொண்டே பேசிவிடுவேன். முடிவு எதுவானாலும் அம்மா மேல் பழி விழக்கூடாது.

பணத்தையும் அதே பேச்சில் பேசவேண்டும். குறுகிய காலப் பயணிகள் கொரோனா வந்தால் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும் என்பது சிங்கப்பூரின் விதி. 2021 ஜனவரி 31 முதல் குறைந்தது 30,000 சிங்கப்பூர் டாலருக்குக் காப்பீடு இருந்தால்தான் நுழையவே முடியும் என்றார்கள். அப்போதைய மதிப்பில் சுமார் 16 லட்சம் ரூபாய். தீவிர சிகிச்சைப் பிரிவில் நாட்கள் நீண்டால் அதுவும் போதாமல் போகலாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது மூன்று விஷயத்தைப் படித்துப் பாருங்கள். பெருந்தொற்றை விலக்கி வைத்திருக்கிறார்களா, ஏற்கெனவே உள்ள சுகர் பிரஷர் சேருமா, அரசாங்கம் போகவேண்டாம் என்று சொன்ன நாட்டுக்குப் போனால் செல்லுமா. ஏஜெண்ட் வாயால் சொல்வதை நம்பாமல் பாலிசியில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

மரணத்துக்கு வருபவர்களுக்கு இந்திய அரசு சில விலக்குகள் கொடுத்தது. 2021 பிப்ரவரி 22 முதல் ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் சான்று இல்லாமல் வரமுடியாது என்ற விதியிலும், குடும்பத்தில் மரணம் என்றால் விலக்கு இருந்தது. ஆனாலும் விமானம் கிடைத்து வந்து சேர்வதற்குள் இங்கே காரியம் முடிந்துவிட்ட வீடுகளே அதிகம். வயதான பெற்றோர் உள்ளவர்கள் இதைப் பற்றி அண்ணன் தம்பிக்குள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது. அப்பா முடியாமல் இருக்கும்போதே வந்து பார்த்துவிடுவதா, வரமுடியாமல் போனால் யார் கொள்ளி வைப்பது என்று கேட்டுக்கொள்வது அபசகுனம் கிடையாது. அப்படிப் பேசி வைத்த குடும்பங்களில் பிறகு மனக்கசப்பு குறைவாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் காகிதங்கள். தடுப்பூசி உடம்பில் இருந்தால் போதாது, எல்லையில் நிற்கும் அதிகாரி ஏற்கும் காகிதத்திலும் இருக்கவேண்டும். 2021 செப்டம்பரில் கோவிஷீல்டை ஏற்கிறோம், ஆனால் இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை என்று பிரிட்டன் சொன்னது. அக்டோபர் 11 வரை நம் மாணவர்கள் முழுத் தடுப்பூசி போட்டும் அங்கே பத்து நாள் தனிமையில் இருந்தார்கள். கோவாக்சினுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் அந்த ஆண்டு நவம்பர் 3 அன்றுதான் வந்தது. சான்றிதழில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊரில் இன்ஷியல் முன்னால் வரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து பின்னால் நிற்கும். இதனால் விமான நிலையக் கவுண்டரில் கண்கலங்கி நின்றவர்கள் உண்டு.

தொற்று வந்து குணமானவர்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. கொரோனா ஆர்டிபிசிஆர் பரிசோதனை, தொற்றும் தன்மை போன பிறகும் சில வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, பாசிட்டிவ் என்றே காட்டலாம். நலமாக இருப்பவர் பயணத்துக்கு 72 மணி நேரம் முன்பு பரிசோதித்து, பாசிட்டிவ் வந்து, டிக்கெட் பணத்தை இழந்தது பலமுறை நடந்தது. முதலில் பாசிட்டிவ் வந்த அறிக்கையைத் தூக்கிப் போடாதீர்கள். சில நாடுகள் அதையும் மருத்துவரின் குணமடைந்த சான்றையும் சேர்த்து ஏற்றுக்கொண்டன. நீங்கள் போகும் நாடு ஏற்குமா என்பதை விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

மருந்து விஷயத்தில் ஒரு மாதப் பயணத்துக்கு ஒரு மாத மாத்திரை என்ற கணக்கு தொற்றுக் காலத்துக்குப் பொருந்தாது. குறைந்தது இரண்டு மாதம் கூடுதலாக வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அதைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் போடவேண்டாம். சீட்டில் மருந்தின் வேதிப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள், நம் கம்பெனிப் பெயர் அங்குள்ள மருந்துக் கடையில் புரியாது. இன்னொன்று, இங்கே முதுகுவலிக்கும் கால் எரிச்சலுக்கும் சாதாரணமாக எழுதும் டிரமடால், பிரிகாபலின் இரண்டும் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வழக்கு வரைக்கும் போகும். உங்கள் பையில் இருப்பதை எல்லாம் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். டிக்கெட் எடுத்துவிட்டு, நாளை மறுநாள் பயணம் என்று வராதீர்கள். அந்த நேரத்தில் போகலாமா என்ற கேள்விக்கு நான் என்ன சொன்னாலும் நீங்கள் போகத்தான் போகிறீர்கள். 2021 ஜூனில் வெளிநாடு போகும் மாணவர்களுக்கும் வேலைக்குச் செல்பவர்களுக்கும் கோவிஷீல்டு இரண்டாம் தவணையை 28 நாளிலேயே போட அனுமதித்தார்கள். அதன்பின் 14 நாள் ஆனால்தான் முழுத் தடுப்பூசி என்று பல நாடுகள் கணக்கில் எடுத்தன. சேர்த்தால் ஆறு வாரம். சுகரைக் கட்டுக்குள் கொண்டுவரவும் குறைந்தது அவ்வளவு காலம் வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன்பே, பயணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போதே வந்துவிடுங்கள்.