[க-ன] என்று எழுதினால் பாதி மெய்கள் ஏன் காணாமல் போகின்றன?

மொரிஷியசில் ஒரு கோவிலின் தைப்பூசக் காவடிப் பட்டியல் தமிழில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயிரெழுத்தில் தொடங்கும் பெயர்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். பள்ளியில் தமிழ் படித்தவர் கை தானாகவே ^[க-ன] என்று ரீஜெக்ஸ் (உரையில் தேட வேண்டிய எழுத்துகளைச் சொல்லும் குறியீடு) எழுதும்; ^ என்றால் தொடக்கத்தில் என்று பொருள். மெய்கள் க-வில் தொடங்கி ன-வில் முடிகின்றன அல்லவா? நிரலும் ஒரு குறையும் சொல்லாமல் ஓடும். கோவிந்தன், சண்முகம், தேவி வருவார்கள். முருகன், பார்வதி, வேலு, ராமசாமி வரமாட்டார்கள்.

சதுர அடைப்புக்குள் வரும் சிறுகோட்டுக்கு 'இதிலிருந்து அதுவரை' என்று பொருள். அந்த வரிசை நம் நெடுங்கணக்கு அல்ல, யூனிகோடு எண்களின் வரிசை, அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தரப்பட்ட எண்களின் வரிசை. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய எழுத்துகளுக்கான 1988-ஆம் ஆண்டு இஸ்கி என்ற குறியீட்டுத் தரத்தை ஒட்டியது. இந்திய எழுத்துகள் எல்லாம் ஒரே இடவமைப்பில் நிற்க வேண்டும் என்பதால் ந-வின் பக்கத்திலேயே ன, ர-வின் பக்கத்தில் ற, ள-வின் பக்கத்தில் ழ வந்துவிட்டன. க-வின் எண் 2965, ன-வின் எண் 2985. ப தொடங்குவதே 2986-இல்தான். ஆகவே 18 மெய்களில் 9 வெளியே நிற்கின்றன. அழையாத ஜ உள்ளே வந்துவிடுகிறது.

இப்போது கடைசி நான்கு மெய்களைக் கேட்டு [ழ-ன] என்று எழுதிப் பாருங்கள். ழ 2996, ன 2985. வரிசை பின்னோக்கிப் போகிறது. நிரல்மொழிகளில் பைத்தான் 'தவறான எழுத்து வீச்சு' என்றும், ஜாவாஸ்கிரிப்ட் 'வீச்சின் வரிசை மாறியிருக்கிறது' என்றும் நின்றுவிடும். இரண்டும் உண்மைதான், ஆனால் ழ-வுக்கு அப்புறம் ன என்று படித்தவருக்கு ஒன்றும் புரியாது. அந்த இரண்டு எண்களையும் சேர்த்துக் காட்டியிருந்தால் காரணம் உடனே விளங்கியிருக்கும்.

கோப்புகளில் ரீஜெக்ஸ் கொண்டு தேடும் குனு கிரெப் என்ற கருவி ஓரிடத்தில் இதை அழகாகச் செய்கிறது. இடைவெளி, இலக்கம் போன்ற பெயரிட்ட வகுப்புகளை [[:space:]] என்பதுபோல இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுத வேண்டும். [:space:] என்று ஒற்றை அடைப்பில் எழுதினால், அதை வெறும் எழுத்துகளும் முக்காற்புள்ளியும் கொண்ட தொகுப்பாக எடுத்து ஓட்டிவிடலாம். கிரெப் ஓட்டுவதில்லை. 'இப்படி எழுத வேண்டும், அப்படியல்ல' என்று சரியானதையும் தவறானதையும் ஒரே வரியில் காட்டி நிறுத்திவிடுகிறது. பிழைச் செய்தி என்றால் இதுதான்!

[க-ன] விஷயத்தில் அந்த உதவி கிடைக்காது. யாராவது அந்த வீச்சையே கேட்கலாம், கருவிக்கு எப்படித் தெரியும்? அதனால் சிறுகோட்டை விட்டுவிட்டு ^[கஙசஞடணதநபமயரலவழளறன] என்று பதினெட்டையும் எழுதிவிடுவதே பத்திரம். ஜெயா, ஸ்ரீதர் போன்ற பெயர்கள் இருந்தால் ஜ, ஸ, ஷ, ஹ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.