தூதுவளி

உடலுக்குள் செய்தி சொல்லும் வளிமங்களை (வாயுக்களை) ஆங்கில மருத்துவ நூல்கள் ‘கேசோடிரான்ஸ்மிட்டர்’ என்கின்றன. அந்தச் சொல்லை ‘வளிமக் கடத்தி’ என்று தமிழாக்கவே யாருக்கும் முதலில் தோன்றும். நரம்பணுக்களிடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருளான நியூரோடிரான்ஸ்மிட்டர் ‘நரம்பியக்கடத்தி’ என்று நிலைத்துவிட்டதால் இதையும் அதே அச்சில் வார்ப்பது இயல்புதான். ஆனால் மின்சாரத்தைக் கடத்துவது மின்கடத்தி. அப்படியானால் வளிமக் கடத்தி என்பது வளிமத்தைக் கடத்துவது. உடலில் அந்த வேலையைச் செய்வது சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின். இங்கே பேசப்படுவது வேறு: வளிமமே செய்தியாகப் போகிறது.

கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் இருந்த ருய் வாங் 2002-இல் இந்தச் சொல்லை முன்வைத்தார். உடல் தன் நொதிகளைக் கொண்டு தானே ஆக்கிக்கொள்வது, உயிரணுச் சவ்வைத் தடையின்றி ஊடுருவுவது, மிகக் குறைந்த அளவிலேயே குறிப்பிட்ட வேலையை நடத்துவது என்று அதற்கு வரையறையும் தந்தார். மூன்று வளிமங்கள் இதில் அடங்கும்: நைட்ரிக் ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. வாகனப் புகையில் வருவது முதலாவது. மூடிய அறையில் கரி அடுப்பு எரித்தால் உயிரைக் குடிப்பது இரண்டாவது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடப்படும் தொழிலாளர்களைக் கொல்வது மூன்றாவது. இவற்றையே நம் உடல் ஒவ்வொரு நொடியும் நுண்ணளவில் உண்டாக்கிக்கொண்டிருக்கிறது என்பதை முதன்முறை படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். ‘கேஸ்’ என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பிளெமிய அறிஞர் வான் ஹெல்மான்ட், ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து உருவாக்கினார். உருவமற்ற பெருவெளி, ஒழுங்கின்மை என்பது அதன் பொருள். நமக்கு வளி என்ற பழஞ்சொல் இருக்கிறது. வெளியே வீசும் காற்றை மட்டுமல்லாமல் உடலுக்குள் இயங்குவதையும் அது குறித்தது. ‘வளிமுதலா எண்ணிய மூன்று’ என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் சொல்வது அதைத்தான். வாயு என்ற சொல்லும் வழக்கில் உண்டு. ஆனால் உடலைப் பற்றிப் பேசும்போது அதைச் சொன்னால் வயிற்று உப்புசமே நினைவுக்கு வருகிறது.

‘டிரான்ஸ்மிட்டர்’ இலத்தீனிலிருந்து வந்தது. ‘டிரான்ஸ்’ என்றால் கடந்து. ‘மிட்டரே’ என்றால் அனுப்புதல், விடுத்தல். ‘கடத்தி’ என்பதில் முதற்பாதி வந்துவிட்டது, இரண்டாம் பாதி விடுபட்டது. அந்த ‘விடு’ தமிழில் எங்கே இருக்கிறது? தூது இலக்கியத்தில். கிள்ளை விடு தூது, நெஞ்சு விடு தூது என்று பெயரிலேயே நிற்கிறது. தூது விடுவதற்கு உரியவை என்று பாட்டியல் மரபு (இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் மரபு) எண்ணும் பத்தில் தென்றலும் ஒன்று. காற்றைத் தூதாக அனுப்பும் வழக்கம் உள்ள மொழியில் இதற்குப் புதிதாக வேர் தேட வேண்டியதில்லை. தூதாகும் வளி, தூதுவளி.

இந்தப் பெயரின் அருமை செப்சிஸ் நோயில்தான் நன்றாகத் தெரியும். கிரேக்கத்தில் செப்சிஸ் என்றால் அழுகுதல். ‘இரத்தத்தில் நஞ்சு கலத்தல்’ என்று செய்தித்தாள்கள் எழுதுவது பாதி உண்மை. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உறுப்புகளையே உயிராபத்தான அளவுக்குச் செயலிழக்கச் செய்வதுதான் செப்சிஸ் என்று 2016-இல் வரையறுத்தார்கள். 2017-இல் மட்டும் உலகெங்கும் 1 கோடியே 10 லட்சம் பேர் இதனுடன் தொடர்புடைய காரணங்களால் இறந்ததாக மதிப்பீடு.

இரத்தக்குழாயின் உட்சுவர் ஏதோ ஒன்றை விடுவித்துத் தசையைத் தளர்த்துகிறது என்று 1980-இல் ராபர்ட் பர்ச்காட் கண்டார். அது நைட்ரிக் ஆக்சைடு என்று 1987-இல் தெளிவானது; 1998-இல் நோபல் பரிசும் வந்தது. செப்சிஸில் ஒரு நொதி தூண்டப்பட்டு இந்த வளி அளவின்றிப் பெருகுகிறது. குழாய்கள் விரிந்து இரத்த அழுத்தம் சரிகிறது. அப்படியானால் அதன் உற்பத்தியைத் தடுத்தால் போதுமே என்று எண்ணினார்கள். 797 நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடந்தது. முடிவுகள் 2004-இல் வெளியாயின. அழுத்தம் உயர்ந்தது. ஆனால் 28 நாளில் இறந்தவர்கள், தடுப்பு மருந்து பெற்றவர்களில் 59 விழுக்காடு, பெறாதவர்களில் 49 விழுக்காடு. ஆய்வை நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்து இந்த வளியை ஆக்கும் நொதிகள் எல்லாவற்றையும் வேறுபாடின்றி முடக்கியது. அழுத்தத்தைச் சரித்த தூதோடு, நுண்குழாய்களைத் திறந்துவைத்து உறுப்புகளுக்குக் குருதி சேரவிட்ட தூதும் நின்றுபோயிருக்க வேண்டும். ‘நச்சு வாயு’ என்றே பழகிய மனத்துக்கு இந்த இரண்டாவது தூது கண்ணில் படாது.

மற்ற இரண்டு வளிகளிலும் ஆய்வு நடக்கிறது. கார்பன் மோனாக்சைடு, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கும் பகுதியான ஹீம் சிதையும்போது உடலில் உண்டாவது. விலங்குகளில் அழற்சியைத் தணிக்கிறது. செப்சிஸால் நுரையீரல் செயலிழந்தவர்களுக்கு அதை மிகச் சிறிய அளவில் சுவாசிக்கக் கொடுத்த முதற்கட்ட ஆய்வு 2018-இல் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் 12 பேர். கடுமையான பக்கவிளைவு ஏதும் அந்த வளியால் நேரவில்லை. நோய் தீருமா என்று சொல்ல அந்த எண்ணிக்கை போதாது. ஹைட்ரஜன் சல்பைடில் குழப்பம் அதிகம். சிங்கப்பூரில் எலிகளிடம் செய்த ஆய்வுகளில் அது செப்சிஸ் அழற்சியை வளர்த்தது. வேறு ஆய்வுகளில் அதை வெளியிடும் மருந்துகள் எலிகளைக் காத்தன. எவ்வளவு, எப்போது என்பதைப் பொறுத்தே விளைவு மாறுகிறது என்று கருதுகிறார்கள்.

தூதுவளைக் கீரையோடு குழம்பாதா என்று கேட்கலாம். எழுத்தில் ஒரே உயிர்க்குறிதான் வேறுபாடு. அச்சுப் பிழைக்கு இடம் உண்டு. அந்த அச்சம் உள்ளவர்கள் ‘தூது வளிமம்’ என்று பிரித்து எழுதலாம், பொருள் கெடாது. நான் தூதுவளி என்றே எழுதுகிறேன். ‘செப்சிஸில் தூதுவளி மருத்துவம்’ என்று தலைப்பிட்டால், மருந்தாகத் தரப்படுவது ஒரு செய்தி என்பது படிப்பவருக்கு முதல் வரியிலேயே விளங்கிவிடுகிறது.