நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு ஊசி?

சதாபிஷேகம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்த வீட்டு ஆச்சியைக் காரில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். வயது எழுபதுக்கு மேல், பல வருடச் சர்க்கரை. விரலில் மாட்டும் கருவியில் பார்த்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் 84 சதவீதம்தான். காய்ச்சல் ஆரம்பித்த அன்றே மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்கியிருக்கிறார். மறுநாள் எங்கேயோ போய் இரண்டு ஊசி. அன்று காய்ச்சல் இறங்கிவிட்டதால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். மதுரைக்கு அனுப்பினோம், பரிசோதனையில் இன்ஃப்ளூயன்ஸா ஏ, அதாவது ஃப்ளூ காய்ச்சல் என்று வந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது குளியலறைக்குப் போகவும் ஒரு கை பிடிக்க வேண்டியிருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் இப்படி வந்தவர் இவர் ஒருவர் மட்டுமில்லை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று ஊர்தான் மாறுகிறது, கதை மாறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் காய்ச்சல் என்றால் முதல் வேண்டுகோள், "ஒரு ஊசி போட்டு விட்டுருங்க டாக்டர்." மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தால் முகம் சுருங்கிப்போகிறது. அந்த ஊசியில் என்ன மருந்து இருக்கிறது என்று யாராவது கேட்கிறீர்களா? பெரும்பாலும் காய்ச்சலையும் வலியையும் குறைக்கும் மருந்து ஒன்று, சில இடங்களில் அதோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. ஃப்ளூ வைரஸை இந்த இரண்டுமே ஒன்றும் செய்வதில்லை. ஸ்டீராய்டு போட்டதும் உடம்பு வலி பறந்துவிடும், பசிக்கும், எழுந்து நடமாடலாம் போல இருக்கும். நோய் குணமாகிவிட்டதென்று நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் வைரஸோடு சண்டை போட வேண்டிய உங்கள் எதிர்ப்புச் சக்தியைத்தான் அது அடக்கிவைத்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை கண்டபடி ஏறும். ஆஸ்துமா மாதிரி வேறு காரணம் இருந்தாலொழிய ஃப்ளூவுக்கு ஸ்டீராய்டு தருவதில்லை என்பது மருத்துவ உலகம் தெளிவாக ஒப்புக்கொண்ட விஷயம். ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். அது பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நிமோனியா சேர்ந்துகொண்டால் அது தேவைப்படும், அதை நோயாளியைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மூன்று நாள் அசித்ரோமைசினை நீங்களே வாங்கி விழுங்குவது வைத்தியமே இல்லை.

இதைவிடப் பெரிய நஷ்டம் நேரம். ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள். அரசு மருத்துவமனைகளிலும் தருகிறார்கள். ஆனால் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். நோய் முற்றி வந்தவர்களுக்கும் கொடுக்கத்தான் கொடுக்கிறோம், ஆனால் பலன் குறைகிறது. ஊசி போட்டு காய்ச்சல் இறங்கி, "பரவாயில்லை, நாளைக்குப் பார்ப்போம்" என்று கழிகிற அந்த இரண்டு நாள் இருக்கிறதே, அதுதான் எங்களுக்கு வேண்டிய இரண்டு நாள். எல்லோருக்கும் இந்த மருந்து தேவையில்லை. ஆரோக்கியமான இளைஞருக்கு ஓய்வும் பாராசிட்டமாலும் கஞ்சியும் தண்ணீரும் போதும். வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

இவ்வளவு ஆசையாக ஊசி கேட்பவர்களிடம், ஆவணி மாதம் "ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் வருகிற பதில்: "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு டாக்டர் ஊசி?"

நல்லா இருக்கும்போதுதான் போட வேண்டும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி உருவாக ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, ஐப்பசி கார்த்திகையில் ஃப்ளூ கூடுவது வழக்கம். ஐப்பசி மழைக்கு ஆடி ஆவணியிலேயே ஆளைக் கூப்பிட்டு ஓடு மாற்றுகிற ஊர் இது. ஊசிக்கும் அதே கணக்குதான். செப்டம்பருக்குள், தவறினால் அக்டோபர் தொடக்கத்தில். அதுவும் தவறிவிட்டால் நவம்பரில் போட்டாலும் போடாமல் இருப்பதைவிட நல்லது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை கூடி, தடுப்பூசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஊசியின் பாதுகாப்பும் மாதங்கள் போகப்போகக் குறையும். அதனால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். (முன்பு நான்கு வகை இருந்தது, இப்போது மூன்றுதான் இருக்கிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. இன்ஃப்ளூயன்ஸா பி வைரஸில் யமகாட்டா என்ற பிரிவு 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அதை விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.)

"போன வருஷம் போட்டேன், அப்பவும் சளி பிடிச்சுது." பிடிக்கும். சளி பிடிக்கவைக்கும் வைரஸ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, இந்த ஊசி இன்ஃப்ளூயன்ஸாவுக்கு மட்டும். அதிலும் நூற்றுக்கு நூறு இல்லை என்று நானே சொல்கிறேன். வகைகள் நன்றாகப் பொருந்திய வருடங்களில், மருத்துவரிடம் போகுமளவுக்கான ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. மீதி பேருக்கு வந்தாலும் ஐ.சி.யூ. வரை போகும் வாய்ப்பு குறைகிறது. ஆச்சி வயதில் இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் எதிர்பார்க்கிறேன்.

"ஊசி போட்டதாலதான் காய்ச்சலே வந்துச்சு" என்பது அடுத்தது. இங்கே பெரியவர்களுக்குப் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் ஃப்ளூ வரவே வராது. கை வலி, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், அசதி வரலாம். கில்லன் பாரே என்ற நரம்புப் பாதிப்பு பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம் என்பது கணிப்பு. அந்த நோய் முன்பு வந்தவர்களும், இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். முட்டை ஒத்துக்காதவர்களும் பெரும்பாலும் போட்டுக்கொள்ளலாம்.

கொரோனாவுக்குப் பிறகு எந்தத் தடுப்பூசி என்றாலும் "நெஞ்சடைப்பு வருமாமே" என்கிறார்கள். கேளுங்கள். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வருவது மற்ற காலத்தைவிட ஆறு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. நெஞ்சடைப்புக்குப் பயப்படுகிறவர் பயப்பட வேண்டியது ஃப்ளூவுக்கு. ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்தவர்கள் இந்த ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

செட்டிநாட்டில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. அமெரிக்காவில் இருக்கும் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் வருடாவருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அந்த நாட்டில் அது வழக்கம். பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அப்பத்தாவுக்கும் ஐயாவுக்கும் மட்டும் யாரும் போடவில்லை. மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கும், தை பிறந்ததும் கல்யாணங்களுக்கும் எல்லோரும் வருகிறார்கள். அமெரிக்காவில் அப்போதுதான் ஃப்ளூ உச்சத்துக்கு ஏறும் நேரம், சிங்கப்பூரிலும் ஆண்டு இறுதியில் கூடும். வளவு நிறைய ஜனம், பந்தியில் தோளோடு தோள், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும், அப்புறம் ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். விசேஷத்தை விடச் சொல்லவில்லை. இருமலோடு வந்தவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பெரியவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். காய்ச்சல் இருந்தால் பந்திக்கு வராதீர்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூக்கு ஒழுகும் குழந்தையைத் தாத்தா மடியில் உட்காரவைத்துப் படம் எடுக்க வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிளகு ரசமும் கசாயமும் தாராளமாகக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். தடுப்பூசிக்குப் பதிலாக மட்டும் நினைக்காதீர்கள்.

பெரியவர்களோடு தங்கிச் சமைத்துப்போடும் அக்கா, இரவுத் துணைக்கு வரும் அம்மா, இவர்களுக்கும் ஊசி போட்டுவிடுங்கள், செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் பஸ்ஸில் போய் வருகிறவர்கள், அவர்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருப்பார்கள். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசி கிடையாது, தாய்க்குப் போட்டதுதான் அதற்கும் பாதுகாப்பு. ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை முதல்முறை போடும் குழந்தைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை.

ஒரு எச்சரிக்கை. இதே மழைக்காலம்தான் இங்கே டெங்குவுக்கும். காய்ச்சல் எதனால் என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்து எதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், பேச்சு குழறினால், சிறுநீர் குறைந்தால், குழந்தை பால் குடிக்க மறுத்தால், இறங்கிய காய்ச்சல் திரும்ப ஏறினால், மருந்துக் கடையில் நிற்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஃப்ளூ ஊசி அரசின் வழக்கமான தடுப்பூசி அட்டவணையில் இல்லை, பெரும்பாலோர் கைக்காசு போட்டுத்தான் வாங்க வேண்டும். எல்லாக் கடையிலும் இருப்பு இருக்காது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து, உறைந்துபோனால் பயன்படாது. அதனால் நீங்களே வாங்கிப் பையில் போட்டு வெயிலில் அலையாமல், ஒரு வாரம் முன்பே உங்கள் மருத்துவரிடம் சொல்லி வரவழையுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, மார்கழிக்கு டிக்கெட் போடும் அன்றே வீட்டுக்கு ஒரு போன் செய்து அப்பாவும் அம்மாவும் ஊசி போட்டாச்சா என்று கேளுங்கள். "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்பார்கள். நீங்கள் அழுத்திச் சொன்னால் வருவார்கள். வரும்போது சர்க்கரை நோட்டையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள், நிமோனியா தடுப்பூசி போட வேண்டுமா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.