நெல்சனின் தொப்பியில் சுழன்ற வைர விண்மீன்

போரில் தீரம் காட்டியவரின் தலைப்பாகையில் செருகப்படும் இறகு வடிவ அணியை உதுமானியத் துருக்கியர் செலெங்க் என்றனர். இந்த வகை அணிகளில் உலகப் புகழ் பெற்றது, சுல்தான் மூன்றாம் செலிம் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹொரேஷியோ நெல்சனுக்கு அனுப்பியதாகும். 1798இல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தபோது அந்நாடு உதுமானியப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 1 அன்று மாலை, அபூகிர் விரிகுடாவில் நங்கூரமிட்டு நின்ற பிரெஞ்சுக் கப்பற்படையை நெல்சன் தாக்கி நிலைகுலையச் செய்தார். அதற்கான நன்றியாகவே செலெங்கும் மென்மயிர்த் தோல் அங்கியும் அவரைத் தேடி வந்தன.

இந்த அணி, ஆறு வயதுக் குழந்தையின் விரித்த கை அளவில், வைரம் பதித்த 13 விரல்களுடன் இருந்ததாக அக்காலக் கடிதம் ஒன்று கூறுகிறது. அழிக்கப்பட்டவையும் கைப்பற்றப்பட்டவையுமான 13 கப்பல்களையே அந்த விரல்கள் குறித்தன. அபூகிரில் பிரெஞ்சுக்காரர் இழந்த பெரும் போர்க்கப்பல்கள் 11தான். அவற்றுடன் இரண்டு சிறு போர்க்கப்பல்களையும் சேர்த்தால் கணக்குச் சரியாக வருகிறது.

நடுவில் இருந்த வைர விண்மீன், சாவி கொடுத்தால் சுழலும்படி அமைந்திருந்தது. இறுகச் சுற்றப்பட்ட சுருள்வில் தளரும்போது வெளிப்படும் ஆற்றலைப் பற்சக்கரங்கள் மட்டுப்படுத்திக் கடத்துவதே கடிகாரப் பொறியின் அடிப்படை. அத்தகைய பொறி ஒன்றை உள்ளங்கைக்குள் அடங்கும் அணியில் பொருத்தியது வெறும் விளையாட்டுக்காக அன்று. ஒளியை வளைக்கும் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் வைரத்துக்கு 2.42; அதன் மாறுநிலைக் கோணம், அதாவது எந்தக் கோணத்தைக் கடந்து சாய்வாகப் படும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்புமோ அந்த எல்லை, ஏறத்தாழ 24 பாகை மட்டுமே. ஆதலால் கல்லுக்குள் நுழையும் ஒளியில் பெரும்பகுதி பின்பக்கமாகக் கசிந்துவிடாமல், முழு அக எதிரொளிப்புக்கு உள்ளாகி, நிறங்களாகப் பிரிந்து முன்பக்கமாகவே வெளியேறுகிறது. ஆனால் ஒவ்வொரு பட்டையும் தன் ஒளிக்கீற்றை ஒரு குறிப்பிட்ட திசையில் மட்டுமே வீசும்; கல்லும் பார்ப்பவரும் அசையாதிருந்தால், அந்தத் திசைக்கு விலகி நிற்பவருக்கு அது தெரியாது. விண்மீன் சுழலும்போது அதே கீற்றுகள் அறை முழுவதும் வலம் வந்து, மெழுகுவத்தி வெளிச்சத்திலும் எல்லோர் கண்ணிலும் மாறி மாறிப் படும். இந்த அணியைச் செய்தவரின் மேதைமை முழுமையாக வெளிப்படுவது இங்கேதான் என்பது என் கருத்து.

நெல்சன் இதைத் தம் தொப்பியில் பெருமிதத்துடன் அணிந்தார். பிற்காலத்தில் கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இந்தச் செலெங்க் 1951இல் திருடுபோனது. கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுத் தனித்தனியே விற்கப்பட்டிருக்கலாம் என்று நம்பப்படுகிறது. பழைய சித்திரங்களை ஆராய்ந்து 2017இல் இதற்கு ஒரு பிரதி உருவாக்கப்பட்டது.