ஹெட்செட்டுக்குள் ஓடும் இன்னொரு கடிகாரம்

ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுக்கிற வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "யூஎஸ்பி ஹெட்செட் எல்லாம் பொம்மை, அக்கா, நல்ல சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிப் போடு, அப்போதுதான் குரல் சுத்தமாகப் போகும் என்கிறான் என் தம்பி. கடைக்காரர் தலைகீழாகச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது சார்?"

தம்பிக்கு ஒரு சேதி. சவுண்ட் கார்டு என்பது ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் சாமான், யூஎஸ்பி ஹெட்செட்டுக்குள்ளேயே அப்படி ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு காது செத்துப்போன என் பழைய ஹெட்செட்டைத் தூக்கிப் போட மனசில்லாமல், ஒயர் நடுவே தொங்கும் வால்யூம் பெட்டியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பிப் பிளந்து பார்த்தேன். உள்ளே தீப்பெட்டியில் பாதி அளவுக்குப் பச்சை போர்டு. அதில் ஒரு கறுப்புச் சிப், பக்கத்தில் 12.000 என்று பொறித்த ஒரு குட்டி வெள்ளி டப்பா, அப்புறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சில்லறைச் சாமான்கள். சவுண்ட் கார்டு செய்கிற எல்லா வேலையையும் அந்தச் சிப்தான் செய்துகொண்டிருந்தது. அந்த வெள்ளி டப்பா இருக்கிறதே, இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். கொஞ்சம் பொறுங்கள்.

அடிப்படை பள்ளியில் படித்ததுதான். குரல் காற்றை அசைக்கிறது, மைக் அதைச் சில மில்லிவோல்ட் மின்னழுத்தமாக மாற்றுகிறது, சிப் அதை நொடிக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 65,536 படிகளில் ஒன்றாக எழுதிக்கொள்கிறது. 16 பிட் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதன் அர்த்தம் இதுதான். காதுக்குப் போகும் ஒலிக்கு இதே வேலை தலைகீழாக நடக்கும்.

ஆக, எந்த வழியில் போனாலும் சவுண்ட் கார்டு உண்டு. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். மேசைக் கணினியின் முன்பக்கத்து பிங்க் ஓட்டையில் மைக்கைச் செருகுகிறீர்கள் என்று வையுங்கள். அந்தச் சில மில்லிவோல்ட், கேபினட்டின் முன்முகத்திலிருந்து ஒரு மெல்லிய ஒயரில் கிளம்பி, ஃபேன், ஹார்ட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு எல்லாவற்றையும் தாண்டி மதர்போர்டின் ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியெல்லாம் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் ஆஃப் ஆகும் மின்சுற்றுகள். சந்தைக்கடை நடுவே ரகசியம் பேசுகிற மாதிரி. பழைய கணினியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மவுஸை நகர்த்தினால் 'சர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறீர்களா? அது மவுஸின் சத்தமே இல்லை. நீங்கள் நகர்த்தியதும் கணினி கூடுதலாக வேலை செய்ய, அதன் மின்னோட்டம் ஏறி இறங்குவதைத்தான் கேட்கிறீர்கள்.

யூஎஸ்பி ஹெட்செட்டில் இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்திலேயே, கேபினட்டுக்கு வெளியிலேயே, குரல் எண்ணாகிவிடுகிறது. எண்ணான பிறகு சந்தைக்கடை இரைச்சல் அதை ஒன்றும் செய்யாது.

அப்படியானால் தம்பி ஏன் சவுண்ட் கார்டு என்கிறார்? ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்ததால்தான். சிங்கப்பூரின் சிம் வோங் ஹூ தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் சவுண்ட் பிளாஸ்டரை இறக்கியபோது, பெரும்பாலான பிசிக்களுக்குத் தெரிந்த இசை 'பீப்' ஒன்றுதான். அன்றைய பிராசஸருக்கு ஒலிகளைக் கலக்கிக் கொடுக்கும் வேலை பெரும் பாரம், அதைச் சுமக்கத் தனி கார்டு தேவைப்பட்டது. பிறகு பிராசஸர்களுக்கு அது ஒரு வேலையே இல்லை என்றானது, ஒலிச் சிப் மதர்போர்டிலேயே வந்துவிட்டது, 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் ஒலி மென்பொருள் மூலம் கார்டின் தனித்திறமையைப் பயன்படுத்திக்கொண்டிருந்த வழியையும் மூடிவிட்டது. கார்டுகள் இன்னும் விற்கின்றன, நல்லவையும் உண்டு. ஆனால் கேபினட்டுக்குள் உட்கார்ந்தே தீர வேண்டிய அவசியம் அவற்றுக்குப் போய்விட்டது.

சரி, வெள்ளி டப்பாவுக்கு வருவோம்.

பென்டிரைவில் ஒரு கோப்பை நகலெடுக்கும்போது யூஎஸ்பி மிகப் பொறுப்பானது. கோப்பைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து அனுப்பும், ஒரு பொட்டலம் கெட்டுப்போனால் திரும்ப அனுப்பும், ரிஜிஸ்டர் தபால் மாதிரி. ஒலிக்கு அந்த மரியாதை கிடையாது. ஒலி, காலையில் வாசலில் விழும் பேப்பர் மாதிரி. இன்றைக்கு விடுபட்டதை நாளைக்குக் கொண்டுவந்து போட்டால் வடை எண்ணெய் ஒற்றத்தான் ஆகும். அதனால் யூஎஸ்பியில் ஒலிக்கென்று தனி வகை அனுப்புமுறை. சாதாரண ஹெட்செட்டுகளில் மில்லிநொடிக்கு ஒரு பொட்டலம், நொடிக்கு ஆயிரம். போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை, கெட்டாலும் மறுபடி அனுப்புவதில்லை.

சிப் அளந்து எழுதும் ஒவ்வொரு அளவுக்கும் பெயர் 'மாதிரி', அதாவது சாம்பிள். நொடிக்கு 48,000 மாதிரி என்றால் பொட்டலத்துக்கு 48. கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் சிடி காலத்திலிருந்து நாம் கட்டிக்கொண்டு அழும் இன்னொரு எண் 44,100. பொட்டலத்துக்கு 44.1 மாதிரி! பத்தில் ஒரு மாதிரியை எப்படி அனுப்புவது? ஒன்பது பொட்டலத்தில் 44, பத்தாவதில் 45, மறுபடி ஒன்பது 44, ஒரு 45. இந்தக் கோணல் எண் எங்கிருந்து வந்தது என்றால், 1970களின் கடைசியில் டிஜிட்டல் ஒலியைப் பதிய வீடியோ டேப்பைத்தான் பயன்படுத்தினார்கள். வீடியோ படம் நொடிக்கு 60 தடவை வரும், தடவைக்கு 245 வரி, வரிக்கு 3 மாதிரி. பெருக்கிப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 50, 294, 3. அதையும் பெருக்கிப் பாருங்கள்! இரண்டிலும் ஒரே விடை. வீடியோ டேப் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது, உங்கள் ஹெட்செட் இன்னும் ஒன்பது 44-க்கு ஒரு 45 என்று அதற்குத் திவசம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இதுகூடப் பரவாயில்லை. உண்மையான வம்பு, இரண்டு பக்கமும் தனித்தனிக் கடிகாரம் இருப்பதில்தான். அந்த வெள்ளி டப்பாவுக்குள் இருப்பது ஒரு குவார்ட்ஸ் படிகத் துண்டு. மின்னழுத்தம் கொடுத்தால் நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் தடவை அதிரும். கணினியிலும் இதே மாதிரி ஒரு படிகம் இருக்கிறது. ஆனால் உலகில் எந்த இரண்டு படிகமும் ஒரே வேகத்தில் அதிர்வதில்லை. மலிவான படிகத்தில் பத்து லட்சத்துக்கு 50 என்ற அளவில் பிசகு சகஜம். சுவர்க் கடிகாரத்தில் அப்படி இருந்தால் நாளைக்கு நாலு நொடி முன்பின் ஓடும், யாரும் கவனிக்க மாட்டோம். ஒலியில் கதை வேறு. கணினி 48,000 மாதிரி அனுப்புகிறது, ஹெட்செட் அதே நேரத்தில் 47,997.6 மாதிரிதான் வாசிக்கிறது. நொடிக்கு 2.4 மாதிரி மிஞ்சுகிறது. மோட்டார் ஒரு வேகத்தில் தண்ணீர் ஏற்ற, குழாய் இன்னொரு வேகத்தில் இறக்குகிற மொட்டைமாடித் தொட்டிதான் இது. ஹெட்செட்டின் தொட்டியோ, அதாவது வந்த மாதிரிகள் காத்திருக்கும் இடமோ, சின்னது. பெரிதாக வைத்தால் ஒலி தாமதமாகும், எதிர்முனையில் இருப்பவரும் நீங்களும் ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசுவீர்கள். இன்னும் 48 மாதிரிக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் இருபதே நொடியில் தொட்டி வழியும், காதில் 'டிக்'.

இதைச் சமாளிக்க இரண்டு வழி பெரிதும் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, வரும் பொட்டலங்களின் போக்கைப் பார்த்து ஹெட்செட் தன் வாசிப்பு வேகத்தைச் சன்னமாகக் கூட்டிக் குறைத்துக்கொள்வது. மலிவான ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் இந்த ஒத்துப்போகிற மருமகள்தான். இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. ஹெட்செட் தன் படிகத்தை மாற்றவே மாற்றாது. பதிலுக்குக் கணினிக்கு அவ்வப்போது ஒரு சீட்டு அனுப்பும்: "எனக்குப் பொட்டலத்துக்கு 47.9976 மாதிரி போதும்." கணினி அதை வாங்கி, ஆயிரம் பொட்டலத்தில் 997 அல்லது 998-இல் 48 போட்டு, மீதி இரண்டு மூன்றில் மட்டும் 47 போட்டு அனுப்பும். அவ்வளவு பெரிய கணினி, தன்னைவிடப் பல மடங்கு விலை குறைந்த ஒரு படிகத்தின் சொல்படி நடக்கிறது. முதன்முதலில் இதைப் படித்த அன்று, பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இதைத் தெரிந்துகொண்டபின் தங்க முலாம் பூசிய 'ஸ்பெஷல்' யூஎஸ்பி கேபிள் விளம்பரங்களைப் பாருங்கள். குரலில் இனிமை கூடுமாம், பாஸ் இதமாகுமாம். கேபிள் கெட்டால் பொட்டலம் கெடும், பொட்டலம் கெட்டால் டிக், டக், அல்லது மௌனம். எண்களுக்கு 'கொஞ்சம் இதமாகக் கெடுவது' என்று ஒன்று தெரியாது. கண் திருஷ்டிக்குப் பூசணிக்காய் உடைப்பதிலாவது பூசணிக்காய் விலை குறைவு. சுற்றிலும் எட்டு ஸ்பீக்கர் என்ற அர்த்தத்தில் அட்டைப்பெட்டியில் '7.1' போட்ட ஹெட்செட்டும் இதற்கு ஒன்றுவிட்ட தம்பிதான், பெரும்பாலானவற்றில் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், மீதி மென்பொருள் வித்தை.

வாசகிக்குப் பதில் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டேன். பேச்சுக்கும் வகுப்புக்கும் சுமாரான யூஎஸ்பி ஹெட்செட் தாராளமாகப் போதும். பாட்டைப் பதிவு செய்து வெளியிடுவதாக இருந்தால் நல்ல மைக்கும், அதற்கு 48 வோல்ட் கொடுக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியும் (வெளியே வைக்கும் சவுண்ட் கார்டுதான்) வாங்குங்கள். அதுவும் பெரும்பாலும் யூஎஸ்பியில்தான் செருகும், தம்பியிடம் சொல்லுங்கள். வகுப்பில் தம்புரா சத்தம் மாணவிகளுக்குக் கேட்கவில்லை என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தீர்களே, அதற்கு எந்தக் கார்டும் மருந்தில்லை. காணொளிச் செயலிகளின் இரைச்சல் நீக்கி, மாறாமல் ஒலித்துக்கொண்டே இருப்பதையெல்லாம் ஃபேன் சத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடும். செட்டிங்கில் அதை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு, மலிவான யூஎஸ்பி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதையும் ஓடவிடாமல் வால்யூமை முழுக்க ஏற்றிப் பாருங்கள். சிலவற்றில் மிக மெல்லிசாக ஒரு 'ஈ' கேட்கும். மில்லிநொடிக்கு ஒரு தடவை பொட்டலம் வந்து போகும்போது சிப் இழுக்கும் மின்சாரம், காதுவரை கசிகிறது. நொடிக்கு ஆயிரம், அதாவது 1,000 ஹெர்ட்ஸ். உங்கள் ஆர்மோனியத்தில் ஏழு கட்டையை மேல் ஸ்தாயியில் அழுத்திப் பாருங்கள், ஒரு இழை வித்தியாசத்தில் அதோடு சேரும்.