மொச்சைக்கொட்டையில் தொடங்கும் பரிணாமம்: குமரி மாவட்டத்தில் டார்வின் நாள்

சார்லஸ் டார்வின் 1809 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். அவர் பிறந்து நூறு ஆண்டுகளும், 'உயிரினங்களின் தோற்றம்' நூல் வெளிவந்து ஐம்பது ஆண்டுகளும் நிறைவடைந்த 1909 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு அறிஞர்கள் கூடி விழா எடுத்தார்கள். நூலின் நூற்றாண்டை 1959 இல் சிகாகோ பல்கலைக்கழகம் கொண்டாடியது. இவை அறிஞர்களின் கூட்டங்கள். டார்வினின் பிறந்தநாளைப் பொதுமக்கள் கூடிக் கொண்டாடும் டார்வின் நாள் 1990களில்தான் உருப்பெற்றது. 1995 இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மனிதநேயக் குழு ஒன்று நடத்திய கூட்டத்தில், எத்தியோப்பியாவில் 'லூசி' என்னும் மனித முன்னோடியின் புதைபடிவத்தை 1974 இல் கண்டெடுத்த டொனால்ட் ஜொஹான்சன் உரையாற்றினார். 1997 முதல் டென்னசி பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் நிகழ்ச்சி நடக்கத் தொடங்கியது. பின்னர் பல நாடுகளின் அருங்காட்சியகங்களும் பள்ளிகளும் நூலகங்களும் இந்த நாளை ஏற்றுக்கொண்டன.

இத்தகைய விழாவுக்கு நம் நாட்டில் ஒரு தேவையும் இருக்கிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதை எதிர்த்து, 2023 இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு வேண்டுகோள் விடுத்தார்கள். தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு நூலில் அந்தப் பாடம் இருக்கிறது. ஆனால் தேர்வு முடிந்தபின் பலருடைய நினைவில் எஞ்சுவது 'குரங்கிலிருந்து மனிதன் வந்தான்' என்ற ஒற்றை வரிதான், அதுவும் பிழையான வரி. மனிதனுக்கும் இன்று வாழும் குரங்குகளுக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதே அறிவியல் சொல்வது. படத்துக்கு மாலையிட்டுச் சொற்பொழிவு நிகழ்த்தினால் இந்தப் பிழை போகாது. பரிணாமம் நடக்கும் விதத்தை மக்கள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு வேண்டிய பொருள்கள் குமரி மாவட்டத்து வீடுகளிலேயே இருக்கின்றன.

பச்சை இலைகளை நெருக்கமாக அச்சிட்ட பழைய சாரம் (கைலி) ஒன்றைத் தரையில் விரித்துக்கொள்ளலாம். வெள்ளை மொச்சைக்கொட்டையில் ஒரு பங்கைப் பச்சைச் சாயத்திலும் ஒரு பங்கைச் சிவப்புச் சாயத்திலும் முக்கி உலர்த்தி, இன்னொரு பங்கைச் சாயமிடாமல் வைக்க வேண்டும். சிறுபயறு, வன்பயறு என்று வெவ்வேறு பயறுகளை எடுத்தால் நிறத்தோடு அளவும் மாறிவிடும். பிறகு எந்த வேறுபாட்டால் ஒன்று தப்பியது என்று சொல்ல இயலாது. ஆகவே ஒரே கொட்டையை எடுப்பதுதான் முறை. நிறத்துக்கு இருபதாக அறுபது கொட்டைகளைச் சாரத்தில் சிதறவிட்டு, மாணவர்கள் வரிசையாக வந்து, பறவை இரையைக் கொத்துவதைப்போல, கண்ணில் முதலில் படுவதை எடுத்துக்கொண்டு நகர வேண்டும். நாற்பத்தைந்து கொட்டைகள் போனபின் நிறுத்திவிட்டு, எஞ்சிய பதினைந்தில் ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் மூன்று 'குஞ்சுகள்' சேர்த்தால் எண்ணிக்கை மீண்டும் அறுபதாகும். இப்படி மூன்று நான்கு சுற்றுகள் நடத்தி, ஒவ்வொரு சுற்றின் எண்ணிக்கையையும் கரும்பலகையில் எழுதி வந்தால், வெள்ளையும் சிவப்பும் தேய்ந்து பச்சை பெருகுவதைக் காணலாம்.

இங்கே நின்று நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தக் கொட்டையாவது நிறம் மாறியதா? ஒன்றுகூட மாறவில்லை. பச்சையாகத் தோன்றியது பச்சையாகவே பிழைத்தது, சிவப்பாகத் தோன்றியது சிவப்பாகவே இரையானது. மாறியது கூட்டத்தின் கலவை மட்டுமே. உயிரினம் சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்ற பரவலான எண்ணம் இந்த இடத்தில் உடைகிறது. ஓர் இனத்தின் உறுப்பினர்களுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும், அந்த வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்ல வேண்டும், அதைப் பொறுத்துப் பிழைப்பதும் இனம் பெருக்குவதும் கூடவோ குறையவோ வேண்டும். இவை மூன்றும் கூடினால் இயற்கைத் தேர்வு நடந்தே தீரும். டார்வினும் இன்னொரு ஆங்கிலேய இயற்கையியலாளரான ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸும் தனித்தனியே கண்டடைந்து, 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் கழகத்தில் ஒரே அமர்வில் படிக்கப்பட்ட கருத்து இதுவே.

அடுத்துச் சாரத்தை மாற்றிச் சிவப்புத் துணியை விரித்தால், இப்போது சிவப்புக் கொட்டைகள் தப்ப வேண்டும். ஆனால் முந்தைய சுற்றுகளில் சிவப்பு அறவே அழிந்திருந்தால், தேர்ந்தெடுக்கப்படுவதற்கு ஒன்றுமே இராது. இயற்கைத் தேர்வு இருப்பதிலிருந்துதான் எடுக்கும். தேவை வந்துவிட்டது என்பதற்காகப் புதியதை அது படைப்பதில்லை. அப்படியானால் புதிய வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இதற்கு விடை நம் வாழைத்தோட்டத்தில் இருக்கிறது. செந்துளுவன் என்று நாம் சொல்லும் செவ்வாழைக்கு முளைக்கும் விதை கிடையாது. தாய்வாழையின் கிழங்கிலிருந்து கிளைக்கும் கன்றைப் பெயர்த்து நடுவதால், ஒரு தோட்டத்து வாழைகள் பெரும்பாலும் ஒரே மரபணுத் தொகுதியின் நகல்களாகவே இருக்கும். அப்படி இருந்தும், தண்டும் காம்பும் தோலும் சிவந்த குடும்பத்தில் சில நேரம் பச்சைத் தண்டோடு ஒரு கன்று தலைகாட்டி, பச்சைத் தாரே போடுகிறது. உரத்தின் குறையோ மண்ணின் குணமோ இதற்குக் காரணம் அல்ல. வளரும் நுனியின் உயிரணுக்கள் பிரியும்போது மரபுப் பொருளில் நேர்ந்த மாற்றமே காரணம். அதனால் சிவப்பு நிறமி உருவாவது நின்றுபோகிறது. பச்சையாக வேண்டும் என்று எந்தத் தேவையும் அந்த வாழைக்கு இருக்கவில்லை. இத்தகைய மொட்டு மாற்றங்களைப் பற்றி டார்வின் 1868 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். பச்சைக் கன்றைப் பிடுங்கி எறிவதா, தனியே நட்டுப் பெருக்குவதா என்பதைத் தோட்டக்காரர் முடிவு செய்கிறார். அந்த முடிவு செயற்கைத் தேர்வு. தோன்றிய மாற்றமோ எவர் விருப்பத்துக்கும் கட்டுப்படாதது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழமும், இப்படிப்பட்ட மாற்றங்களைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்துவந்த வாழை வளர்ப்பின் வழிவந்ததுதான்.

ஓர் இனம் இரண்டாகப் பிரியும் விதத்தைக் காண, டார்வின் பறவைகளையும் ஆமைகளையும் கண்ட கலபகோஸ் தீவுகளுக்குப் போக வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் மட்டும் வளரும் சோலைக்காடுகள் வெப்பமான தாழ்நிலத்தால் சூழப்பட்டு, வானத்துத் தீவுகளாகவே நிற்கின்றன. அங்கே தரையோரம் மறைந்து திரியும் நீலநிறச் சிறுபறவைகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், 2017 இல் அவற்றுக்கு ஷோலிகோலா என்ற புதிய பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதியை) அமைத்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே விலாவில் செம்பழுப்பு நிறம் கொண்ட ஓர் இனம், அதற்குத் தெற்கே செங்கோட்டைக் கணவாய் வரை வெள்ளை வயிற்றுடன் ஓர் இனம், செங்கோட்டைக்கும் தெற்கே மூன்றாவது இனம் என்று அவை பிரிந்திருக்கின்றன. அந்த மூன்றாவது இனத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் உள்ள அசம்பு மலையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் அசம்பு சாலை வழியாக நாள்தோறும் போய்வருகிறவர்களில் எத்தனை பேருக்கு, அந்தப் பெயரை ஒரு பறவையும் சுமப்பது தெரியும்?

குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத இந்தப் பறவை கணவாயின் வெப்பத்தைக் கடந்து மறுகரைப் பறவையோடு இணைசேர்வது அரிதாகிறது. இணைசேராத இரு கூட்டங்களில் தனித்தனி மாற்றங்கள் சேர்கின்றன; தேர்வு ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் இழுக்கிறது. கூட்டம் சிறியதாக இருந்தால் வெறும் தற்செயலாலும் சில பண்புகள் நிலைக்கின்றன, சில தொலைகின்றன. மரபியல் நகர்வு எனப்படும் இதையும் சாரத்தில் காட்டலாம்: கண்ணை மூடிக்கொண்டு ஐந்தைந்து கொட்டைகளை அள்ளி, இரண்டு துணிகளில் போட்டு, கொத்த எவரும் இல்லாமலேயே பெருக்கிப் பார்த்தால், இரு துணிகளின் கலவையும் பெரும்பாலும் வேறு வேறாகவே இருக்கும். மூன்று பறவை இனங்களில் மிகப் பழைய பிரிவு, அகன்ற பாலக்காட்டுக் கணவாயின் இருபுறமும்தான் காணப்படுகிறது. குறுகிய செங்கோட்டைக் கணவாய் ஏற்படுத்திய பிரிவு அதற்குப் பிற்பட்டது.

குளச்சல், முட்டம் போன்ற கரையூர்களில் விழா நடந்தால் வலையிலிருந்தே தொடங்கலாம். பெரிய மீன் சிக்கிச் சிறிய மீன் தப்பும் வலையைப் பல தலைமுறை மீன்கள்மீது ஓயாமல் வீசினால், உடல் பெருக்கும் முன்பே முட்டையிடும் மீன்களின் சந்ததியே மிகுதியாக எஞ்சும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீன்வளம் சரிந்து, 1992 இல் அரசு அந்த மீன்பிடிப்பை நிறுத்தியது. சரிவுக்கு முந்தைய ஆண்டுகளிலேயே அம்மீன்கள் இளம் வயதிலும் சிறிய அளவிலும் பருவமெய்தத் தொடங்கியிருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சாரத்தில் இதையும் செய்துகாட்ட முடியும். இந்த முறை நிறத்தை விட்டுவிட்டு, பெரியதும் சிறியதுமான கொட்டைகளைக் கலந்து போட்டு, கைவிரலுக்குப் பதிலாகச் சல்லடையைக் கொடுத்தால் போதும்.